33 மணி நேர ரயிலுக்குக் கட்டுச்சோறு: எது தாங்கும், எது தாங்காது?

#1 வழித்துணை
மே இரண்டாவது வாரம் சென்னை சென்ட்ரலிலிருந்து தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் டெல்லி. ஸ்லீப்பர் பெட்டி, ஏசி கிடையாது. பெரியவர்கள் நான்கு பேர், எட்டு வயசுப் பையன் ஒருத்தன். இப்போதைக்குப் போட்ட பட்டியல்: இட்லி 25 + தேங்காய்ச் சட்னி, புளியோதரை, தயிர்சாதம், சப்பாத்தி 20 + உருளைக்கிழங்கு மசாலா. இதில் எதை அடிக்கணும், எதை எந்த நேரத்துக்குச் செய்யணும்? புளியோதரை ரெண்டு நாள் தாங்கும்னு எல்லாரும் சொல்றாங்க. அளவோட சொன்னா நல்லா இருக்கும்.

#2 ரயில்நேரம்
சமையலுக்கு முன்னாடி மணிக்கணக்கு. வண்டி ராத்திரி 10 மணிக்குக் கிளம்புது, மூணாம் நாள் காலையில் டெல்லி. 33 மணி நேரம்னு கேட்டா மலைப்பா இருக்கு. ஆனா கிளம்புற அன்னிக்கு வீட்டிலேயே சாப்பிட்டுட்டு ஏறுவீங்க, மூணாம் நாள் பல் விளக்கும்போது வண்டி டெல்லியை நெருங்கியிருக்கும். நடுவில் இருக்கிறது மூணே வேளை: காலை 8, மதியம் 12.30, ராத்திரி 7.30.

சாயங்காலம் 7 மணிக்கு எல்லாத்தையும் செஞ்சு முடிச்சா காலைச் சாப்பாட்டுக்கு வயசு 13 மணி நேரம், மதியத்துக்கு 17 மணி நேரம் 30 நிமிஷம், ராத்திரிக்கு 24 மணி நேரம் 30 நிமிஷம். அதனால "ரெண்டு நாள் தாங்குமா"ங்கிற கேள்வியே உங்களுக்கு வேண்டாம். 25 மணி நேரம் தாங்கினா போதும். ஆனா அந்த 25-இல் மதியப் பொழுது முழுக்க வார்தா, நாக்பூர் பக்கம். மே மாசத்தில் அங்கே 43, 44 டிகிரி சாதாரணம், ஸ்லீப்பர் பெட்டியோட தகரக் கூரைக்குக் கீழே இன்னும் மோசம். சாப்பாட்டுப் பையை மேல் பெர்த்தில் வைக்காதீங்க. கீழ் பெர்த்துக்கு அடியில், ஜன்னலோரம் இல்லாம நடைபாதைப் பக்கமா வைங்க.

#3 கல்சட்டி
தேங்காய்ச் சட்னியையும் உருளைக்கிழங்கு மசாலாவையும் இப்போதே அடித்துவிடுங்கள். அரைத்த பச்சைத் தேங்காய் வெயில் காலத்தில் நான்கைந்து மணி நேரம் தாண்டாது. உருளைக்கிழங்கில் ஈரம் அதிகம், புளிப்பு இல்லை. வெங்காயமும் சேர்ந்தால் மறுநாள் மதியமே முகத்தைக் காட்டிவிடும். சட்னிக்குப் பதில் மிளகாய்ப்பொடி, மசாலாவுக்குப் பதில் தக்காளித் தொக்கு.

இனிப் புளிக்காய்ச்சல். உங்கள் ஐந்து பேருக்கு ஒரு வேளைக்கு அரை கிலோ அரிசி சரியாக இருக்கும். அதற்கான அளவு:

பழைய புளி 100 கிராம், நல்லெண்ணெய் 100 மி.லி., உப்பு 25 கிராம், காய்ந்த மிளகாய் 12, கட்டிப் பெருங்காயம் சுண்டைக்காய் அளவு, மஞ்சள்தூள் ஒரு தேக்கரண்டி, கடுகு, கறிவேப்பிலை, வெல்லம் நெல்லிக்காயில் பாதி. வறுத்துப் பொடிக்க: தனியா 2 மேசைக்கரண்டி, மிளகு ஒரு தேக்கரண்டி, வெந்தயம் முக்கால் தேக்கரண்டி, எள் ஒரு மேசைக்கரண்டி.

புளியை அரை லிட்டர் வெந்நீரில் அரை மணி நேரம் ஊறவைத்துக் கரைத்து வடிகட்டுங்கள். திப்பியில் இன்னொரு கால் லிட்டர் விட்டு இரண்டாம் முறையும் பிழியலாம். மூன்றாம் முறை வேண்டாம், வெறும் தண்ணீர்தான் வரும், அதைச் சுண்டவைக்க கேஸ்தான் செலவு. எண்ணெய் முழுவதையும் காய வைத்து முதலில் பெருங்காயத்தைப் பொரித்து எடுத்துப் பொடித்துக்கொள்ளுங்கள். பிறகு கடுகு, மிளகாய், கறிவேப்பிலை தாளித்துப் புளிக்கரைசல், மஞ்சள், உப்பு, பெருங்காயம் சேருங்கள். கொதி வந்ததும் மிதமான தீ. 25 முதல் 30 நிமிடம். முக்கால் லிட்டர் இருந்தது கால் லிட்டருக்குச் சற்று மேலே நிற்க வேண்டும். ஆரம்பத்தில் சலசலவென்று கொதிப்பது, பதம் நெருங்கும்போது சேறு கொதிப்பது மாதிரி "ப்ளக், ப்ளக்" என்று சத்தம் மாறும். கரண்டியால் வாணலி அடியில் கோடு இழுத்தால் இரண்டு நொடி கோடு அப்படியே நிற்க வேண்டும், ஓரத்தில் எண்ணெய் தனியாகப் பளபளக்க வேண்டும். அப்போது வெல்லத்தைப் போட்டு ஒரு கொதியில் இறக்குங்கள்.

வறுத்த பொடியைக் காய்ச்சலில் போடாதீர்கள். சோற்றோடு கலக்கும்போது தூவுங்கள். எள் சேர்ந்த காய்ச்சல் சில வாரம் வைத்திருந்தால் சிக்கு வாடை அடிக்கும், பொடியின் வாசனையும் போய்விடும். வெந்தயம் செம்மண் நிறத்தில் நிற்க வேண்டும். கறுத்தால் முழுச் சட்டியும் கசக்கும், வெல்லம் போட்டு அதை மீட்க முடியாது.

#4 சந்தேகப்பிராணி
காய்ச்சல் ஆறினதும் கல்லு மாதிரி இறுகிட்டா? கரண்டி இறங்கலைன்னா என்ன பண்றது?

#5 கல்சட்டி
கூடுதலாகச் சுண்டியிருக்கிறது, அல்லது வெல்லம் அதிகம். கால் டம்ளர் வெந்நீர் விட்டு மறுபடி அடுப்பில் ஏற்றி, ஓரத்தில் எண்ணெய் பிரியும்வரை கொதிக்கவிடுங்கள். பச்சைத் தண்ணீரை விட்டுக் கலக்கி அப்படியே வைத்தால் ஒரு வாரத்தில் மேலே பூசணம். எதிர்ப்பக்கமும் உண்டு: சுண்டாத காய்ச்சலில் பச்சைப்புளி வாடை இருக்கும், சோறு சொதசொத என்று ஆகும். இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் பயணத்துக்கு இறுகியதே மேல்.

#6 நுண்ணோக்கி
இந்த இழையில் ஒரு விஷயத்தைப் பிரித்துச் சொல்ல வேண்டும். "புளியோதரை கெடாது" என்பது பாதி உண்மை. புளிக்காய்ச்சல் கெடாது. அதில் புளியின் டார்டாரிக் அமிலம் இருக்கிறது, உப்பு இருக்கிறது, தண்ணீர் சுண்டிவிட்டது, மேலே எண்ணெய் மூடியிருக்கிறது. கெடுவது சோறு.

அரிசியில் பாசில்லஸ் சீரியஸ் என்ற பாக்டீரியாவின் விதைத்துகள்கள் இயல்பாகவே உண்டு. கொதியில் அவை சாகாது. வெந்த சோறு வெதுவெதுப்பாக நீண்ட நேரம் கிடந்தால் முளைத்துப் பெருகி ஒரு நச்சைச் சோற்றில் விடும். அந்த நச்சு சூட்டுக்கு அசையாது, மறுபடி சூடுபண்ணினாலும் போகாது. சாப்பிட்ட அரை மணியிலிருந்து ஆறு மணி நேரத்துக்குள் வாந்தி. இதில் ஏமாற்றுவது என்னவென்றால் சோற்றில் நாற்றமோ கொழகொழப்போ இல்லாமலும் இது நடக்கும்.

புளிப்பு போதுமான அளவு ஏறினால், அதாவது பி.எச். (புளிப்பை அளக்கும் எண், குறையக் குறையப் புளிப்பு அதிகம்) 4.6-க்கு நன்றாகக் கீழே போனால், அந்த வளர்ச்சி அநேகமாக அடங்கிவிடும். அதனால்தான் புளியோதரை தாங்குகிறது. ஆனால் அந்தப் புளிப்பு ஒவ்வொரு பருக்கையையும் தொட வேண்டும். கலந்த சோற்றைக் கிளறிப் பாருங்கள், நடுவே வெள்ளை வெள்ளையாகக் கட்டிகள் தெரிந்தால் அங்கே இருப்பது வெறும் சோறு. கெடுவது அங்கிருந்துதான் தொடங்கும். பையனுக்காகப் புளிப்பைக் குறைத்துக் கலந்தாலும் அதே கதை. அது கட்டுச்சோறு ஆகாது, அன்றைக்கே தின்ன வேண்டிய கலந்த சோறு.

#7 மந்தாரை
நுண்ணோக்கி சொன்னதுக்குச் சமையல்கட்டு வழி இது.

அரிசி பழைய அரிசியா இருக்கணும், பச்சரிசியோ புழுங்கலோ. குக்கர்ல வச்சா ஒண்ணுக்கு ரெண்டு தண்ணி, அதுக்கு மேல வேண்டாம். விசில் அடங்கினதும் குக்கர்லயே மூடி வைக்காதீங்க. அரை கிலோ அரிசி வெந்தா ஒண்ணே கால் கிலோவுக்கு மேல வரும். அந்தக் குவியல் ரெண்டு மணி நேரம் கழிச்சும் நடுவுல சுடும், கெடுறதே அந்த நேரத்துலதான். ரெண்டு பெரிய தாம்பாளத்துல ஒரு விரல் தடிமனுக்குப் பரப்புங்க. சூட்டோட 2 மேசைக்கரண்டி நல்லெண்ணெய் விட்டுக் கரண்டிக் காம்பால கிளறுங்க. கரண்டியோட குழியால கிளறினா பருக்கை உடையும், உடைஞ்சா ஒட்டும். ஃபேனுக்குக் கீழ பத்து நிமிஷம்.

கை பொறுக்குற சூடு வந்ததும் காய்ச்சலை முக்கால் பங்கு போட்டுக் கலந்து, பொடியைத் தூவி, ருசி பாத்து மீதியைப் போடுங்க. வெதுவெதுப்பா இருக்கும்போதுதான் சோறு புளியை உள்ள இழுக்கும். சில்லுன்னு ஆறின சோத்துல காய்ச்சல் மேலாகத்தான் நிக்கும். கலக்கும்போது ருசி "கொஞ்சம் தூக்கலா இருக்கே"ன்னு தோணணும். மறுநாள் மதியம் அது சரியா இருக்கும். கலந்தப்புறம் மறுபடி பரப்பி முழுசா ஆறவிட்டுத்தான் கட்டணும்.

வேர்க்கடலை, கடலைப்பருப்பைத் தாளிச்சுக் கலக்காதீங்க. பதினேழு மணி நேரத்துல சவசவன்னு ஆயிடும். வறுத்துத் தனிப் பொட்டலமாக் கட்டி, சாப்பிடும்போது தூவிக்கோங்க.

#8 வழித்துணை
நன்றி அக்கா. அலுமினிய ஃபாயிலில் ஆளுக்கு ஒரு பொட்டலமா கட்டலாமா? இல்லைன்னா வாழை இலை + நியூஸ்பேப்பர்?

#9 கல்சட்டி
ஃபாயில் வேண்டாம். புளியும் உப்பும் சேர்ந்து அலுமினியத்தை அரிக்கும். மறுநாள் பிரித்துப் பார்த்தால் ஊசி குத்தினமாதிரி ஓட்டைகள் தெரியும், சோற்றில் உலோகச் சுவை ஏறியிருக்கும். ஈயம் பூசாத பித்தளையும் அப்படித்தான். எவர்சில்வர் டப்பா அல்லது இலை.

வாழை இலையை அடுப்பு மேல் இரு பக்கமும் காட்டி வாட்டுங்கள். பச்சை கொஞ்சம் கருத்துத் துவண்டால் போதும். வாட்டாத இலை மடிக்கும்போது நரம்போடு கிழியும். துடைத்து, ஈரம் சுத்தமாக உலர்ந்த பிறகே சோறு. வெளியே சுற்றுவதற்கு அச்சடித்த செய்தித்தாள் வேண்டாம், மை எண்ணெயோடு இறங்கும். 2018 உணவுப் பொதி விதிகளிலேயே அது தடை. வெறும் பழுப்புத் தாள் வாங்கிக்கொள்ளுங்கள்.

#10 மந்தாரை
மந்தாரை இலையில தைச்ச தையல் இலை கிடைச்சா இன்னும் நல்லது. கிழியாது, காஞ்ச இலைங்கிறதால ஈரமும் விடாது. பேருக்காகச் சொல்லலை :)

இட்லிக்கு வருவோம். துணியில வார்த்து தண்ணி தெளிச்சு எடுக்குற இட்லி பயணத்துக்கு ஆகாது, அடி நனைஞ்சிருக்கும். எண்ணெய் தடவின தட்டுல வார்த்து, இறக்கி மூணு நாலு நிமிஷம் கழிச்சு எடுங்க. ஒண்ணு மேல ஒண்ணு படாம பரப்பி, நடுவுல திருப்பிப் போட்டு ஆறவிடுங்க, குறைஞ்சது அரை மணி நேரம். 25 இட்லிக்கு மிளகாய்ப்பொடி 100 கிராம், நல்லெண்ணெய் 125 மி.லி. ரெண்டையும் குழைச்சு ஒவ்வொரு இட்லியையும் ரெண்டு பக்கமும், ஓரமும் முழுகத் தோய்ச்சு அடுக்குங்க. மேலாகத் தடவினா எண்ணெய் படாத ஓரம் காஞ்சு வெடிக்கும். சூட்டோட டப்பாவுல போட்டா மூடி வியர்க்கும், அந்தத் தண்ணி திரும்ப இட்லி மேலயே சொட்டும். மறுநாள் பிட்டா நூல் விடும். நூல் விட்ட இட்லியை "லேசாத்தானே"ன்னு சாப்பிடக் கூடாது, தூக்கிப் போட்டுரணும்.

இன்னும் தாங்குற இட்லி வேணும்னா காஞ்சிபுரம் இட்லி. மிளகு, சீரகம், சுக்கு, பெருங்காயம், நெய் போட்டு, மந்தாரை இலை விரிச்ச குடலையில வேக வைக்கிறது. வரதராஜப் பெருமாள் கோயில் பிரசாதம். தொட்டுக்க எதுவும் வேண்டாம்ங்கிறது பயணத்துக்கு வசதி.

#11 சந்தேகப்பிராணி
தயிர்சாதத்தை யாரும் தொடவே இல்லையே. பால் நிறைய விட்டுப் பிசைஞ்சா ராத்திரி வரைக்கும் புளிக்காதுன்னு சொல்றாங்களே?

#12 நுண்ணோக்கி
மே மாதத்தில், ஏசி இல்லாத பெட்டியில், 24 மணி நேரத்துக்கு? இல்லை. பால் விடுவது புளிப்பைத் தள்ளிப்போடும், நிறுத்தாது. உறைமோர் ஒரு தேக்கரண்டியானாலும் 35 டிகிரியில் பத்துப் பன்னிரண்டு மணி நேரத்தில் பால் முழுக்கத் தயிராகிவிடும். அதற்கு மேல் ஒவ்வொரு மணி நேரமும் புளிப்புதான்.

இன்னொன்று. உறை ஊற்றவே ஊற்றாமல் வெறும் பால்சாதமாகக் கொண்டுபோய் ரயிலில் தயிர் கலப்பது நல்ல யோசனை மாதிரித் தெரியும். அது உறை ஊற்றியதைவிட ஆபத்து. புளிப்பு ஏறும்வரை சோற்றுக்குப் பாதுகாப்பே இல்லை.

#13 கல்சட்டி
அதனால் தயிர்சாதத்தை காலை வேளைக்கு மாற்றுங்கள். இட்லி பாதி, தயிர்சாதம் பாதி, 9 மணிக்குள் முடித்துவிடுங்கள். ஒரு டம்ளர் அரிசிக்கு மூன்று டம்ளர் தண்ணீர் விட்டுக் குழைய வேகவைத்து மசித்து, காய்ச்சி ஆறிய பால் இரண்டரை டம்ளர், புளிக்காத தயிர் 2 தேக்கரண்டி. விரல் விட்டால் பொறுக்கும் சூட்டில் கலக்க வேண்டும். அதற்கு மேல் சூடானால் உறை செத்துவிடும். கலக்கும்போது பாயசம் மாதிரி தளர இருக்கட்டும், காலையில் இறுகி நிற்கும். டப்பாவில் இரண்டு விரல் இடம் விடுங்கள். வெள்ளரி, வெங்காயம், மாதுளை எதையும் இரவே கலக்க வேண்டாம், நீர் விடும். கடுகு, இஞ்சி, மோர்மிளகாய் போதும்.

#14 ரயில்நேரம்
காலை 9 மணிங்கிறதை நான் வழிமொழியுறேன். வெயில் ஏறுறதுக்கு முன்னாடி பால் சமாச்சாரம் முடிஞ்சுடணும்.

இடையில ஒரு எச்சரிக்கை. "சின்ன கெட்டில் கொண்டுபோய் வெந்நீர் வச்சுக்கலாமே"ன்னு யாராவது சொல்வாங்க. வேண்டாம். பெட்டியில இருக்கிற பிளக் 110 வோல்ட், போன் சார்ஜுக்கு மட்டும். கெட்டில் போடுறது தடை, வயரிங்கும் அதுக்கு ஏத்தது இல்லை. அடுப்பு, கேஸ் சிலிண்டர் பத்திப் பேச்சே கூடாது. 2023 ஆகஸ்ட் 26 மதுரை ஸ்டேஷன்ல சுற்றுலாப் பெட்டி எரிஞ்சு 9 பேர் செத்தது உள்ளே கொண்டுவந்த சிலிண்டராலதான்.

#15 மந்தாரை
ராத்திரிக்குச் சப்பாத்தி, தொக்கு. 20 சப்பாத்திக்கு மாவு 600 கிராம், எண்ணெய் 3 மேசைக்கரண்டி, வெதுவெதுப்பான தண்ணி. பிசைஞ்சு அரை மணி நேரம் ஊறட்டும். கொஞ்சம் மெல்லிசாத் தேய்ச்சு, ரெண்டு பக்கமும் நல்லா புள்ளி விழ விட்டு, எண்ணெய் தடவி எடுங்க. ஓரம் வேகாம வெளுப்பா இருந்தா அங்கதான் முதல்ல பூசணம் பூக்கும். ஹாட்பேக்குல சூட்டோட அடுக்குறதுதான் எல்லாரும் செய்ற தப்பு. மேல இருக்கிறது மெத்துனு இருக்கும், அடியில இருக்கிற நாலு சப்பாத்தி ஈரத்துல ஊறிக் கூழாயிடும். துணியில விரிச்சு ஆறவிட்டு, உலர்ந்த துணியில சுத்தி டப்பாவுல வைங்க.

தொக்கு: பழுத்த நாட்டுத் தக்காளி ஒரு கிலோ, புளி 30 கிராம், நல்லெண்ணெய் 150 மி.லி., உப்பு 25 கிராம், மிளகாய்த்தூள் 3 மேசைக்கரண்டி, வறுத்துப் பொடிச்ச வெந்தயம், கடுகு ஒவ்வொண்ணும் அரை தேக்கரண்டி. வெங்காயம், பூண்டு வேண்டாம். தக்காளியை அரைச்சுக் கொதிக்க விட்டு, எண்ணெய் பிரியுற வரைக்கும் 40, 45 நிமிஷம். மூடி போட்டுக் கிளறினா தண்ணி போகாது, மூடாம கிளறினா அடுப்பு, சுவர், சேலை எல்லாம் தக்காளி. சல்லடை மூடியைச் சாய்ச்சு வச்சுக்கோங்க.

#16 சந்தேகப்பிராணி
டிபன் கேரியர் அடுக்குல தொக்கு வைக்கலாமா?

#17 ரயில்நேரம்
படுக்க வச்சா ஒழுகும், பெர்த்துக்கு அடியில் யாரோட பெட்டியாவது இடிச்சு அது நிச்சயம் படுக்கும். வாயகன்ற பாட்டில், முக்கால் பாகம் மட்டும். வாயில் பாலிதீன் தாள் விரிச்சு அதுக்கு மேல மூடியைத் திருகுங்க. எடுக்க உலர்ந்த ஸ்பூன் தனியா ஒண்ணு. ஈரக் கையை விட்டா அன்னிக்கே ஆயுசு முடிஞ்சுது.

#18 கடைக்கோடி
வழித்துணைக்கு 33 மணி நேரம். கன்னியாகுமரியிலிருந்து திப்ரூகர் போகும் விவேக் எக்ஸ்பிரஸுக்கு என்ன வழி? 4,100 கிலோமீட்டருக்கு மேல், மூன்று நாள் தாண்டும். பேன்ட்ரி சாப்பாடு எல்லா வேளையும் இறங்காது.

#19 கல்சட்டி
சோற்றைச் சுமக்காதீர்கள், காய்ச்சலை மட்டும் சுமங்கள். 200 கிராம் கெட்டி அவல் இருவருக்கு ஒரு வேளை. பாட்டில் தண்ணீரில் அலசி உடனே வடித்து, கையளவு தண்ணீர் தெளித்துப் பத்து நிமிடம் மூடி வையுங்கள். அழுத்தினால் நசுங்க வேண்டும், ஆனால் உருவம் இருக்க வேண்டும். நான்கு மேசைக்கரண்டி புளிக்காய்ச்சல், வறுத்த கடலை, புளி அவல் தயார். அப்போது கலந்து அப்போதே சாப்பிடுவதால் பதினேழு மணி நேரக் கணக்கே இல்லை. மெல்லிய அவல் வேண்டாம், தண்ணீர் பட்டதும் பசையாகிவிடும். முதல் நாளுக்கு மட்டும் இட்லியும் சப்பாத்தியும். தொக்கு கடைசிவரை வரும். நடுவில் பெரிய நிலையங்களில் வாழைப்பழம்.

#20 வழித்துணை
எல்லாருக்கும் நன்றி. திருத்தின பட்டியல்: காலை 8, மிளகாய்ப்பொடி இட்லி 15 + தயிர்சாதம் (ஒரு டம்ளர் அரிசி). மதியம், புளியோதரை அரை கிலோ, கடலை தனியா. ராத்திரி, சப்பாத்தி 20 + தொக்கு. காய்ச்சலும் தொக்கும் ரெண்டு நாள் முன்னாடியே. கிளம்புற அன்னிக்கு மத்ததெல்லாம் 4 மணியிலிருந்து 7 மணிக்குள். பையனுக்குப் புளிப்பு ஆகாது, மதியம் அவனுக்கு மட்டும் ரெண்டு சப்பாத்தி. சரியா?

#21 மந்தாரை
சரி. ரெண்டே மாத்தம். சப்பாத்தியை 22 ஆக்குங்க, பையன் மதியம் எடுத்ததை ராத்திரி யாராவது தேடுவாங்க. 4 மணிக்கு முதல்ல தயிர்சாதத்தைச் செய்யாதீங்க. சப்பாத்தி, இட்லி, புளியோதரை, கடைசியா தயிர்சாதம். அதோட கடிகாரம் எவ்வளவு தாமதமா ஓட ஆரம்பிக்குதோ அவ்வளவு நல்லது.

#22 சந்தேகப்பிராணி
பெருங்காயம் கட்டிதான் வேணுமா, தூள் ஆகாதா?

#23 கல்சட்டி
ஆகும். அரை தேக்கரண்டி. ஆனால் எண்ணெயில் போட்டு அடுத்த நொடி புளிக்கரைசலை விட்டுவிடுங்கள், தூள் கருக நேரம் ஆகாது.